ஸ்டாலுக்கு வராதவர் கையில் சேரும் நோட்டீஸ்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குச் சின்னப் பட்டறை. என் வீட்டுக்காரர் தேங்காய் மட்டை உரிக்கும் மெஷின் செய்கிறார்; கணக்கும் விற்பனையும் நான் பார்க்கிறேன். கோவை கொடிசியாவில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சியில் முதல்முறையாக ஸ்டால் எடுத்திருக்கிறோம். அண்ணன் மகன் கேன்வாவில் ஒரு நோட்டீஸ் செய்து தந்தான். ஏ4 அளவு, இரண்டு பக்கமும் மல்டிகலர், பளபள லேமினேஷன், 5,000 தாள் என்று சிவகாசியில் விலை கேட்டு வைத்திருக்கிறோம். முன்பு ஒரு தடவை பார்வையாளராகப் போனபோது, வாசலில் கொடுத்த நோட்டீஸ்கள் அங்கேயே தரையில் கிடந்ததைப் பார்த்தேன். எங்களுடையதும் அப்படிப் போகக் கூடாது. என்ன மாற்ற வேண்டும்? இரண்டு பக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.
வாசகி, பொள்ளாச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தாளைப் பார்த்தேன். உங்கள் அண்ணன் மகனுக்குக் கை நன்றாக வருகிறது. ஓரங்கள் ஒழுங்காக நிற்கின்றன, படங்கள் முட்டிக்கொள்ளவில்லை, நிறங்களும் அடித்துக்கொள்ளவில்லை. குறை அவனிடம் இல்லை. இதை யார், எங்கே உட்கார்ந்து படிக்கப் போகிறார் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டாலில் நிற்பவர் நோட்டீஸ் படிப்பதில்லை. கண்ணெதிரே மெஷின் ஓடுகிறது, மட்டை ஒரு பக்கம் காய் ஒரு பக்கமாக விழுகிறது, உங்கள் வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் தாளுக்கு வேலையே இல்லை. அவர் அதை மடித்துக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஸ்டாலுக்குப் போய்விடுவார். நோட்டீஸின் வேலை ராத்திரி ஆனைமலையிலோ உடுமலையிலோ ஒரு வீட்டில்தான் தொடங்குகிறது. பையைக் கொட்டிப் பார்க்கும்போது மகனோ தம்பியோ மனைவியோ அதை எடுத்து, "இது என்ன மெஷின்? எவ்வளவு சொன்னாங்க?" என்று கேட்பார்கள். கண்காட்சிக்கு வந்தவருக்கு நீங்கள் சொன்னதில் பாதி மறந்திருக்கும். வீட்டில் இருப்பவரோ மெஷினைப் பார்த்ததே இல்லை. பணத்தை எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சு அந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் நடக்கப் போகிறது. உங்கள் நோட்டீஸை ஸ்டாலுக்கு வராத அந்த ஆளுக்காக எழுதுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்தே முடிவாகிவிடும்.

அவர் கேட்கப் போவதை நீங்களே ஊகிக்கலாம். மணிக்கு எத்தனை காய் உரிக்கும்? வீட்டுக் கரண்டில் ஓடுமா, த்ரீ ஃபேஸ் வேண்டுமா? காய் உடையுமா? குடுமி நிற்குமா? ரிப்பேர் என்றால் யார் வருவார்கள்? விலை என்ன? இந்த ஆறு கேள்விக்கும் உங்கள் தாளில் தேடினேன். முன்பக்கத்தின் மேல்பாதி முழுக்க நிறுவனத்தின் பெயர். கீழே "உலகத் தரம்", "நவீன தொழில்நுட்பம்", ஒன்பது மாடல்களின் குட்டிப் படங்கள், உரிமையாளரின் படம், ஐந்து போன் எண்கள். பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட அட்டவணை. ஒரே ஒரு கேள்விக்குத்தான் பளிச்சென்று பதில் இருக்கிறது: சிவப்பு வட்டத்துக்குள் "மணிக்கு 1,000 காய்".

அந்த வட்டத்தில் கொஞ்சம் நிற்போம். மணிக்கு 1,000 என்றால் ஒரு காய்க்கு 3.6 விநாடி. குவியலிலிருந்து காயை எடுத்து, உருளைக்கு நடுவில் போட்டு, உரித்த காயை ஒதுக்கி, மட்டையைத் தள்ளி, அடுத்ததை எடுக்க 3.6 விநாடி. ஒரு நிமிடம் வேண்டுமானால் அப்படிச் செய்யலாம். மணிக்கணக்கில் ஒரே ஆள் செய்ய முடியாது. தோப்பு வைத்திருப்பவர் இந்தக் கணக்கை மனசிலேயே போட்டுவிடுவார். போட்டதும் தாளில் உள்ள மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார். அதனால் அச்சுக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பட்டறையில் மெஷின் செய்தவர் அல்லாத ஒருவரை நிறுத்தி, சாதாரண வேகத்தில் ஒரு மணி நேரம் காய் போடச் சொல்லி எண்ணுங்கள். காய்ந்த காயில் ஒரு தடவை, பச்சைக் காயில் ஒரு தடவை. இரண்டிலும் மட்டை ஒரே மாதிரி வராது என்பது உங்களுக்கே தெரியும். எத்தனை காய் உடைந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வரும் எண் 1,000-ஐ விடக் குறைவாக இருக்கும், இருக்கட்டும். "ஒரு ஆள், ஒரு மணி நேரம், காய்ந்த காய்: இவ்வளவு. பச்சைக் காய்: இவ்வளவு. உடைந்தது நூற்றுக்கு இத்தனை" என்று மூன்று வரி அச்சிட்டால் சிவப்பு வட்டமே தேவைப்படாது.

குடுமி விஷயமும் அப்படித்தான். கடைக்கும் கோயில் பக்கத்து வியாபாரத்துக்கும் காய் அனுப்புகிறவருக்குக் குடுமி இல்லாத காய் விலை குறைந்த காய். கொப்பரை போடுகிறவர் குடுமியைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். உங்கள் ஒன்பது மாடலில் எது குடுமியை விடும், எது மொட்டையாக உரிக்கும் என்பது தாளில் எங்கும் இல்லை. வாங்குகிறவர் உங்கள் மெஷினை முதலில் பிரித்துப் பார்ப்பதே இந்த ஒரு கோட்டில்தான். ஒன்பது மாடலையும் ஒரு நோட்டீஸில் திணிக்காதீர்கள். ஸ்டாலுக்கு எந்த மெஷினைக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டப் போகிறீர்களோ, தாளில் அதுதான் இருக்க வேண்டும். "மற்ற மாடல்களும் உண்டு, கேளுங்கள்" என்று ஒரு வரி போதும்.

தலைப்பு இடத்தில் நிறுவனத்தின் பெயரை வைப்பது நம் ஊர்ப் பழக்கம். பெரிய கம்பெனிக்கு அது சரி, பெயரே விற்கும். உங்கள் பெயரை உடுமலையில் இருப்பவர் இன்னும் கேள்விப்படவில்லை. அவர் ஏன் மெஷின் தேடுகிறார்? கடப்பாரையில் உரிக்கிற ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கேட்ட நாளில் வருவதில்லை. அதையே பெரிதாக எழுதுங்கள். நான் எழுதினால் முன்பக்கம் இப்படி இருக்கும். எண்களை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்:

ஆள் வராத நாளிலும் தேங்காய் உரிக்கலாம்
ஒரு ஆள் போட்டால் மணிக்கு ____ காய். குடுமி அப்படியே நிற்கும்.
2 எச்பி மோட்டார். வீட்டு சிங்கிள் ஃபேஸ் கரண்டிலேயே ஓடும்.
பழுது என்றால் ____ நாளுக்குள் எங்கள் ஆள் தோப்புக்கே வருவார்.

மோட்டார் விவரத்தை உங்கள் ஆங்கில அட்டவணையிலிருந்து எடுத்தேன். குடுமி வரி உங்கள் மெஷினுக்குப் பொருந்தாவிட்டால் எடுத்துவிடுங்கள். கடைசி வரியை மட்டும் யோசித்துப் போடுங்கள். பொள்ளாச்சி சுற்று வட்டாரத்துக்கு ஒரு கெடு, மற்ற ஊருக்கு ஒரு கெடு என்று உண்மையில் முடிவதை எழுதுங்கள். இந்த நான்கு வரிக்கும் கீழே ஒரே ஒரு பெரிய படம். அதற்குக் கீழே சின்னதாகப் பெயரும் போன் எண்ணும்.

மேலே பெரிய பிள்ளையார் படம் போட்டிருக்கிறீர்கள். தரையில் கிடந்த நோட்டீஸைப் பார்த்த நீங்களே இதற்குப் பதில் சொல்லிவிடுவீர்கள். மிதிபடக்கூடிய தாளில் சாமி படம் வேண்டாம் என்று அச்சகத்துக்காரர்களே சொல்வது உண்டு. ஒரு பிள்ளையார் சுழி போதுமே.

படத்துக்கு வருவோம். இப்போது இருப்பது மெஷினை வெட்டி எடுத்து வெள்ளைப் பின்னணியில் ஒட்டிய படம். பார்த்தால் அது மேஜை மேல் வைக்கும் மிக்ஸி அளவா, ஆள் உயரமா என்றே தெரியவில்லை. களத்தில் வைத்து எடுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும், ஒரு புறம் உரித்த காய்க் குவியல், மறுபுறம் மட்டைக் குவியல். மெஷினை விட அந்தக் காய்க் குவியலைத்தான் விவசாயி உற்றுப் பார்ப்பார். நிற்பவர் தோளில் துண்டு தொங்கக் கூடாது. பெண் என்றால் முந்தானையைச் செருகியிருக்க வேண்டும். உருளையின் மேல் காப்புத் தகடு மாட்டியிருக்க வேண்டும். முள் வைத்த உருளைக்கு அருகில் துணி தொங்கும் படத்தைப் பார்த்தால் வீட்டில் இருப்பவர் "கையைப் பிடிச்சுக்கும் போல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். காலை வெயிலில் போனிலேயே எடுக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஏ5 தாள் முழுக்க வரும் படத்துக்கு ஏறக்குறைய 1,750-க்கு 2,480 பிக்சல் வேண்டும். இன்றைய போன்கள் அதற்கு மேலேயே எடுக்கின்றன.

ஆமாம், ஏ5 என்றுதான் சொன்னேன். ஏ4 தாளை யாரும் விரித்தபடி கொண்டு போவதில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைப்பார்கள். மடிப்பு இரண்டும் சந்திக்கிற நடு இடத்தில்தான் உங்கள் இப்போதைய வடிவத்தில் போன் எண்கள் இருக்கின்றன. பையில் கிடந்து கசங்கினால் அந்த இடத்தில் மை உதிர்ந்து எண் அழியலாம். ஏ5 ஒரு மடிப்பில் பைக்குள் போகும். எண்ணை நடுவில் வைக்காமல் கீழே வைத்தால் தீர்ந்தது. செலவும் குறையும்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். காரணம் பின்பக்கத்தில் இருக்கிறது. பின்பக்கத்தின் கீழ்ப்பாதியைக் காலியாக விடச் சொல்கிறேன். பேசி முடித்ததும் உங்கள் கையால் அதில் எழுதித் தர வேண்டும்: வந்தவர் பெயர், அவர் கேட்ட மாடல், நீங்கள் சொன்ன விலை, அந்த விலை எந்தத் தேதி வரை, பேசியது யார். லேமினேஷன் போட்ட தாளில் பால்பாயின்ட் பேனா வழுக்கும். எழுதினாலும் கட்டை விரல் பட்டால் அழியும். பளபளப்பு இல்லாத மேட் ஆர்ட் பேப்பர், 130 ஜிஎஸ்எம் கனத்தில் கேளுங்கள். சாம்பிள் தாளை வாங்கி அதில் பேனாவால் உங்கள் பெயரை எழுதி, பத்து எண்ணிவிட்டுத் தேய்த்துப் பாருங்கள். அதிலும் அழிந்தால் மேப்லித்தோ, அதாவது பூச்சு இல்லாத சாதாரணத் தாள். மேப்லித்தோவில் மை உறிஞ்சிப் படம் கொஞ்சம் மங்கும், ஆனால் எழுத்து ஜம்மென்று நிற்கும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் எழுத்தை எடுப்பேன். தன் பெயரும் தனக்குச் சொன்ன விலையும் கையால் எழுதியிருக்கிற தாளை ஒருவர் அத்தனை சுலபமாகக் கீழே போட மாட்டார். தரையில் கிடக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த நிச்சயமான வழி இதுதான்.

விலையை அச்சிட வேண்டாம், கையால் எழுதினால் போதும். இரும்பு விலை ஏறினால் மிச்சத் தாள் வீண். பக்கத்து ஸ்டால்காரரும் ஒரு தாள் வாங்கிப் போவார் என்பதையும் மறக்காதீர்கள். ஆனால் விலையே சொல்லாமல் "தொடர்பு கொள்ளவும்" என்று விட்டால் வீட்டில் இருப்பவர், "எக்கச்சக்கமா இருக்கும், விடு" என்பார். கையால் எழுதிவிட்டால் இரண்டு சிக்கலும் இல்லை.

மிச்சத் தாள் வீணாகக் கூடாது என்பதற்காகக் கண்காட்சித் தேதியையும் ஸ்டால் எண்ணையும் எடுத்துவிடுங்கள். தாளை வாங்குகிறவர் உங்கள் ஸ்டாலுக்குள்தான் நிற்கிறார், அவருக்கு எண் எதற்கு? அதை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பும் அழைப்புப் படத்தில் போடுங்கள். தேதி இல்லாத நோட்டீஸ் மிஞ்சினால் அடுத்த கண்காட்சிக்கும், டீலர் கடையில் வைக்கவும் ஆகும்.

எத்தனை தாள்? ஸ்டாலில் இரண்டு பேர் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரோடு ஒழுங்காகப் பேச ஆறு நிமிடம் என்றால் ஒரு ஆளுக்கு மணிக்குப் பத்து பேர். ஏழு மணி நேரம் இடைவிடாமல் பேசினாலும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளைக்கு 140 தாளுக்கு மேல் கொடுக்க முடியாது. 5,000 அடித்தால் மிச்சத்தை வாசலில் ஒரு பையனை நிறுத்தித்தான் கொடுக்க வேண்டிவரும். நீங்கள் பயப்படுவது நடப்பது அங்கேதான். 1,000 போதும். ஆஃப்செட் அச்சில் பிளேட் (அச்சுத் தகடு) செலவு 1,000-க்கும் 2,000-க்கும் ஒன்றுதான், அதனால் இரண்டுக்கும் விலை கேளுங்கள். வித்தியாசம் சொற்பம் என்றால் 2,000 அடித்து வையுங்கள், தேதிதான் இல்லையே. தாளை மேஜை மேல் விசிறி மாதிரி பரப்பி வைக்காமல் உள்ளே வையுங்கள்.

போன் எண் ஒன்றே ஒன்று போதும். ஐந்து எண் இருந்தால் எதைக் கூப்பிடுவது என்று யோசிப்பார்கள். யோசிப்பவர் கூப்பிட மாட்டார். எண்ணுக்குப் பக்கத்தில் பேசுகிறவர் பெயர் இருக்கட்டும். கண்காட்சி முடிந்த வாரம் அந்த எண்ணை எடுக்கிற ஆள் நீங்களாக இருந்தால் உங்கள் பெயரைப் போடுங்கள். உரிமையாளர் படத்துக்குப் பதில் இது எவ்வளவோ மேல்.

க்யூஆர் கோடு வைத்திருப்பது நல்லது, ஆனால் அது உங்கள் இணையதளத்தின் முகப்புக்குப் போகிறது. அங்கே மறுபடியும் நிறுவனத்தின் பெயரும் "உலகத் தரமும்"தான். வீட்டில் இருப்பவர் பார்க்க வேண்டியது மெஷின் ஓடுவதை. வெட்டாமல், பாட்டுப் போடாமல், மெஷின் சத்தத்தோடு ஒரு நிமிட வீடியோ எடுத்து, கோடு நேராக அதற்குப் போகட்டும். அளவு இரண்டரை சென்டிமீட்டராவது இருக்கட்டும். சுற்றிலும் வெள்ளை இடம் விட வேண்டும், மடிப்பு அதன் மேல் விழக் கூடாது, கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடாகப் போடவே கூடாது. இலவசத் தளங்கள் சிலவற்றில் செய்த கோடு, கொஞ்ச நாளில் சந்தா கட்டச் சொல்லி நின்றுபோகும். "ஸ்டாட்டிக்" வகையாக, வீடியோ முகவரியே கோட்டுக்குள் நேராக இருக்கும்படி செய்யச் சொல்லுங்கள்.

சிவப்பு எழுத்தில் "50% மானியம்" என்று ஒரு மூலையில் இருக்கிறது. உங்கள் மாடல் முறையாகச் சோதனை முடித்து, மானியத்துக்கான அங்கீகாரப் பட்டியலில் இருந்தால் மட்டும் அது இருக்கட்டும்; கூடவே "வேளாண்மைப் பொறியியல் துறை விதிகளுக்கு உட்பட்டது" என்று போடுங்கள். இல்லை என்றால் இன்றே எடுத்துவிடுங்கள். மானியம் என்ற சொல்லைப் பார்த்து வருகிற கூட்டம் பெரிது. இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போகும்போது உங்கள் பெயரையும் கெடுத்துவிட்டுப் போகும். ஐஎஸ்ஓ சின்னத்தையும் எடுங்கள். சான்று இருந்தாலும் "ஐஎஸ்ஓ 9001:2015 சான்று பெற்றது" என்று எழுத்தில்தான் போடலாம். அந்த அமைப்பின் சின்னத்தை அச்சிட நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கோவையில் கண்காட்சி என்றால் பாலக்காடு, திருச்சூர் பக்கத்திலிருந்தும் தென்னை விவசாயிகள் வருவார்கள். ஒரே தாளில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றையும் அடைத்தால் மூன்றுமே பொடி எழுத்தாகிவிடும். மலையாளத்தில் தனியாக நூறு தாள் டிஜிட்டலில் அடித்துக்கொள்ளுங்கள். மலையாளம் வீட்டில் பேசுகிற ஒருவர் அச்சுக்கு முன் படித்துப் பார்க்கட்டும். ஆங்கில அட்டவணையைத் தூக்கிப் போட வேண்டாம். டீலர்களும் வெளி மாநிலத்தாரும் கேட்பார்கள்; ஆபீஸ் பிரின்டரிலேயே கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

இனி அண்ணன் மகனுக்கு. தம்பி, தலைப்பு தவிர்த்த மற்ற எழுத்தெல்லாம் 8 புள்ளி அளவில், அதுவும் போல்டில் இருக்கிறது. தமிழில் ஞ, ணு, னூ மாதிரி எழுத்துகளின் உள் வளைவு அந்த அளவில் மை அடைத்து வெறும் கறுப்புப் பொட்டாகிவிடும். 11 புள்ளி, சாதாரணத் தடிமன், வரிகளுக்கு நடுவில் தாராளமாக இடம். கரும்பச்சை மேல் வெள்ளை எழுத்தைத் தலைப்போடு நிறுத்திக்கொள். திரையில் பளீரென்று தெரிகிற அந்தக் கிளிப்பச்சை அச்சில் வராது, அழுக்குப் பச்சையாகத்தான் வரும். கேன்வாவின் கட்டணத் திட்டத்தில் சிஎம்ஒய்கே (அச்சு மை நிறங்கள்) பிடிஎஃப் எடுக்கலாம், இல்லை என்றால் நிறத்தையே அடக்கி வாசி. நான்கு பக்கமும் வெட்டுப்படுவதற்கென்று 3 மில்லிமீட்டர் கூடுதல் ஓரம் (ப்ளீட்) விட்டு எடு. முக்கியமாக, அச்சகத்தில் உன் பிடிஎஃப்பைக் கோரல்டிரா மென்பொருளில் திறந்து ஏதாவது திருத்தினால் தமிழ் எழுத்து குலையும். "கொ"வின் கொம்பு தனியாகக் கழன்று ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்பதை நீயே பார்த்திருப்பாய். எழுத்துகளைக் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைவடிவமாக மாற்றிக் கொடு. திருத்தம் எதுவானாலும் நீயே செய்து புது ஃபைல் அனுப்பு. "தயாறிப்பாளர்" என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. சின்ன "ரி" அது.

சகோதரி, அச்சகத்திலிருந்து வரும் ப்ரூஃபை போன் திரையில் பார்த்து ஓகே சொல்லிவிடாதீர்கள். நிஜ அளவில் பிரின்ட் எடுத்து, அதில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்து அப்படியே டயல் செய்யுங்கள். மனப்பாடமாகத் தெரிந்த எண்ணில் ஒரு இலக்கம் தப்பியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. க்யூஆர் கோடையும் பழைய போன் ஒன்றில் ஸ்கேன் செய்து பாருங்கள். அப்புறம் மெஷினைப் பார்க்காத ஒருவரிடம், பக்கத்து வீட்டு அக்காவாக இருந்தாலும் பரவாயில்லை, தாளைக் கொடுத்துவிட்டு அந்த ஆறு கேள்வியையும் கேளுங்கள். விலையைத் தவிர மற்ற ஐந்துக்கும் அவர் தாளைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும்.

சிவகாசிக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தாலும் பிளேட் போடும் வரை அளவையும் தாளையும் மாற்றலாம். இன்றைக்கே ஒரு போன் போட்டு, லேமினேஷன் இல்லாமல் ஏ5 மேட், 1,000-க்கும் 2,000-க்கும் புது விலை வாங்கிவிடுங்கள்.